செங்கோட்டைக் கடைவீதியின் பழைய கட்டடத்தைத் தங்கும் விடுதியாக மாற்றும் முறை

செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். ஊரின் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. கீழே கடையும் கிட்டங்கியும், மேலே குடியிருப்பும், நடுவே முற்றமும், பின்னால் கிணறும் புறவாசலுமாகக் கட்டப்பட்ட பழைய கட்டடங்களும் கடைவீதியை ஒட்டி இன்னும் மிஞ்சியிருக்கின்றன. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலுக்கு வருவோர், கார்த்திகை முதல் தை வரை ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று செல்லும் ஐயப்ப பக்தர்கள், 2018-இல் புனலூர் வரையிலான அகல ரயில்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபின் கொல்லம் பக்கமிருந்து வருவோர் ஆகிய எல்லோருக்கும் தங்குமிடம் வேண்டியிருப்பதால், இத்தகைய கட்டடத்தின் உரிமையாளர் ஒவ்வொருவரும் ஒரு நாள் விடுதியைப் பற்றி எண்ணத்தான் செய்கிறார். அவர்களில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைப்பவருக்கு ஆலோசனை சொல்ல ஊரெங்கும் ஆள் உண்டு. கட்டடத்தை நிறுத்திவைத்துக்கொண்டே மாற்ற விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

பழைய கட்டடம் விடுதியான பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். குடும்பம் வாழ்ந்த காலத்தில் அங்கணத்திலும் அடுக்களையிலும் கிணற்றடியிலும் மட்டுமே தண்ணீர் புழங்கியது. குளியலும் கழிப்பும் வீட்டுக்கு வெளியே இருந்தன. மாடிக்குக் குடிதண்ணீர்ச் செம்பு போயிற்றே தவிர வேறு நீர் போனதில்லை. சுண்ணாம்புச் சுவரும் மர உத்திரமும் நூறாண்டு நிலைத்ததற்கு அந்த ஒழுங்கே முதற்காரணம். விடுதி அமைந்ததும் ஒவ்வோர் அறையின் நடுவிலும், அதுவும் மாடியிலும், நாள் முழுவதும் தண்ணீர் ஓடத் தொடங்குகிறது. ஆகவே அறைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது கட்டில் போட எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணாமல், எத்தனை குளியலறைகளை இந்தக் கட்டடத்தால் தாங்கவும் வடிக்கவும் முடியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குக் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு கருத்தின் விரிவேயாகும்.

முதலில் ஆவணங்கள்

வரைபடத்துக்கு முன் மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 1956-க்கு முந்தைய பத்திரங்கள் மலையாளத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். கொல்லம் ஆண்டில் தேதியிட்டிருக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்குக் கொல்லம் ஆண்டோடு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ளவற்றுக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இந்தக் கணக்கு பின்னால் பணமாகப் பயன்படும். மத்திய சுற்றுலா அமைச்சகம் 'ஹெரிட்டேஜ்' என்று விடுதிகளை வகைப்படுத்தும்போது, அடிப்படை வகைக்குக் கட்டடம் 1950-க்கு முன் கட்டப்பட்டதாகவும் குறைந்தது 5 அறைகள் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மேற்பட்ட கிளாசிக், கிராண்ட் வகைகளுக்கு 1935-க்கு முன் கட்டப்பட்டிருக்க வேண்டும், குறைந்தது 15 அறைகள் வேண்டும். தளப்பரப்பில் பாதியாவது அந்தக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், முகப்பில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பவையும் நிபந்தனைகள். பத்திரத்தில் கட்டடம் குறிப்பிடப்பட்டு, ஆண்டு கொல்லம் 1124 அல்லது அதற்கு முந்தையதாக இருந்தால் முதல் வகைக்கு ஐயமில்லை. 1109 வரை உள்ளது என்றால் உயர் வகைகளுக்கும் வயது போதும். 15 அறை என்ற இலக்குக்காகக் கடைவீதிக் கட்டடம் ஒன்றைத் துண்டு துண்டாகத் தடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஊரின் பெரும்பாலான கட்டடங்களுக்கு ஏழு எட்டு அறைகளே இயல்பான அளவு.

அடிமனை யாருடையது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கோயிலைச் சுற்றிய தெருக்களில் கட்டடம் குடும்பத்துக்கும் மனை கோயிலுக்கும் உரியதாக இருப்பது புதிதன்று. அப்படியானால் அறநிலையத் துறையின் ஒப்புதல் இன்றிப் பயன்பாட்டை மாற்ற முடியாது. பாகம் பிரிக்காத சொத்தாக இருந்தால், வெளியூரில் இருக்கும் வாரிசுகள் உட்பட எல்லோரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பதிவான பிறகே ஒரு செங்கலைத் தொட வேண்டும். பாதி வேலையில் வரும் தடையாணை, கூரை பிரித்த கட்டடத்தைச் சாரலில் நிறுத்திவிடும்; ஒரே மழைக்காலத்தில் அது அடையும் சேதம் முப்பது ஆண்டுப் புறக்கணிப்பைவிடப் பெரிது.

குடியிருப்பையோ கடையையோ விடுதியாக்குவது பயன்பாட்டு மாற்றம் ஆகும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி நகராட்சியிடமோ நகர் ஊரமைப்புத் துறையிடமோ திட்ட அனுமதி பெற வேண்டும். அருகில் மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னம் ஏதேனும் இருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தப்படி முதல் 100 மீட்டர் தடைப் பகுதி. அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மலையடிவாரம் என்பதால், உங்கள் சர்வே எண் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் வருகிறதா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தின் கீழ் கட்டடம் பட்டியலிடப்பட்டுள்ளதா என்பதும் அதே நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பது

விண்ணப்பங்கள் நடந்துகொண்டிருக்கும் காலத்தை வீணாக்காமல், கட்டடத்தை ஒரு சாரல் பருவமும் ஒரு வடகிழக்குப் பருவமும் கவனித்துப் பதிவு செய்யுங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று இங்கே மழையைச் செங்குத்தாகப் பெய்யவிடுவதில்லை; மேற்குச் சுவரிலும் மேற்கு நோக்கிய கூரைச் சரிவிலும் பக்கவாட்டில் அடித்து ஏற்றும். எந்த ஓட்டு வரிசையின் கீழ் நீர் ஏறுகிறது, எந்தச் சன்னல் மேற்கட்டையில் ஓதம் நிற்கிறது, முற்றத்து நீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதை வெயில் காலத்தில் வந்து பார்க்கும் பொறியாளரால் ஊகிக்கத்தான் முடியும். தேதியிட்ட படங்களோடு நீங்களே குறித்துவைத்த பதிவேடு அவருடைய அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சுண்ணாம்புக் காரையால் ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். துண்டு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். உடையாவிட்டால் அது பழைய, அடங்கிய வெடிப்பு. நகரும் வெடிப்பை வெறுமனே பூசி மறைக்கக் கூடாது. அடித்தளத்தின் அருகே சாக்கடைக் கசிவோ, அடுத்த மனையில் தோண்டிய பள்ளமோ உண்டா என்று தேட வேண்டும். உத்திரங்களில் கவனிக்க வேண்டிய இடம் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகளே. நடுப்பகுதி இரும்புபோல் இருக்க, நுனி மட்டும் ஓதத்தாலும் கறையானாலும் உள்ளே கூடாகிப் போயிருப்பது மிகவும் வழக்கம். அனுபவமுள்ள ஆசாரி ஒருவர் சுத்தியலால் தட்டிக் கேட்டும் ஊசிக்கம்பியால் குத்திப் பார்த்தும் ஒவ்வொரு நுனியையும் சோதித்துச் சுண்ணக்கட்டியால் குறியிடட்டும்.

கட்டமைப்புப் பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, சுண்ணாம்புக் கட்டுமானத்தில் வேலை செய்த ஒருவரைத் தேடிப் போவது அவசியம். கான்கிரீட் தூணையும் பீமையும் மட்டுமே அறிந்தவர், தமக்குத் தெரியாத சுவரை நம்ப மாட்டார்; எல்லாவற்றையும் கான்கிரீட் சட்டத்தால் கட்டிப்பிடிக்கச் சொல்வார். தேக்கு உத்திரம், அதன்மேல் குத்துச் செங்கல், சுண்ணாம்பு என்று அமைந்த மெட்ராஸ் டெரஸ் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை உத்திரத்தின் அளவையும் இடைவெளியையும் வைத்துக் கணக்கிட முடியும். இந்தியத் தரம் 875-இன் இரண்டாம் பாகம் விடுதியின் படுக்கையறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவும், உணவுக்கூடத்துக்குச் சுமார் 400 கிலோவும் பாரமாகக் கொள்ளச் சொல்கிறது. எனவே படுக்கையறைகள் மேலே போகலாம். உணவுக்கூடம் தரைத்தளத்தில் இருப்பதே முறை.

குளியலறை

மாடியில் குளியலறை அமைக்கும் வழக்கமான முறை, தளத்தை ஓரடி பள்ளமாக்கிக் குழாய் பதித்து, மீதியைச் செங்கல் உடைசலால் நிரப்பி மேலே ஓடு பதிப்பது. 30 சென்டிமீட்டர் உடைசல் நிரவலின் எடை சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். மேலே சொன்ன 200 கிலோவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் நுழைவதற்கு முன்பே தளம் இரட்டைக்கு மேற்பட்ட பாரத்தில் இருக்கிறது. அந்த நிரவல் கசிவையெல்லாம் வெளியே தெரியாமல் குடித்துக்கொண்டு, உத்திர நுனியை மெல்ல மெல்ல ஊறவைக்கும். தளம் சரியும்போதுதான் உரிமையாளருக்குத் தெரியவரும். பழைய கட்டடத்தில் பள்ளத் தளக் குளியலறை வேண்டவே வேண்டாம்.

இதற்குச் சிறந்த மாற்று, குளியலறைகள் அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக, புறவாசல் பக்கம் தனித்தூண்களில் நிற்கும் புதிய கட்டுமானமாக எழுப்பி, பழைய சுவரில் ஏற்கெனவே இருக்கும் சன்னலைக் கதவாக்கி இணைப்பது. பாரம் புதிய தூண்களில் இறங்கும். ஈரம் பழைய சுவரைத் தொடாது. ஒரு காலத்தில் வேண்டாம் என்று முடிவானால் பழைய கட்டடம் கெடாமல் அதைப் பிரித்தெடுக்கலாம். இரண்டுக்கும் இடையில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே தகரப் பட்டையால் மூடுங்கள். புதியது இறங்கும்போது பழையதைத் தன்னோடு இழுக்கக் கூடாது.

மனை ஒடுக்கமாக இருந்து அதற்கு இடமில்லையென்றால், அறைக்குள்ளேயே தளத்தைத் தாழ்த்தாமல் உயர்த்திக் கட்டலாம். ஒரு படி ஏறிச் செல்லும் குளியலறை விருந்தினர் எவரையும் துன்புறுத்தியதில்லை. வயதானவருக்குத் தரைத்தளத்தில் படியில்லாத அறை ஒன்று எப்படியும் இருந்தாக வேண்டும். இரும்புச் சட்டமும் சிமென்ட் பலகையும் கொண்டு தடுப்பு, அதற்குள் ஒரே வார்ப்பிலான கண்ணாடியிழைத் தட்டு, சுவரில் தொங்கும் கழிப்புக் கோப்பை ஆகியவை எடையைக் குறைக்கும். கழிப்புக் குழாய் கிடையாக ஓடும் தூரத்தைக் குறையுங்கள். 1-க்கு 40 சாய்வில் 2 மீட்டர் ஓடும் குழாய்க்கு 5 சென்டிமீட்டர் இறக்கம் போதும். 6 மீட்டர் ஓடினால் 15 சென்டிமீட்டர் வேண்டும், அந்த உயரத்துக்குத் தளத்தில் இடமே இருக்காது. ஆகவே குளியலறை எங்கே என்பதைச் செங்குத்துக் குழாய் எங்கே இறங்குகிறது என்பதே தீர்மானிக்கிறது.

செங்குத்துக் குழாய்களைப் பழைய சுவரை வெட்டிப் புதைக்காதீர்கள். சுவரில் கிடையாகத் தாரை வெட்டுவது நெடுக்காக வெட்டுவதைவிடப் பெரிய தீங்கு. சுமை இறங்கும் பாதையையே அது அறுக்கிறது. குழாய்கள் புறவாசல் பக்கம் வெளியே, கண்ணில் படும்படி இறங்கட்டும். அழகுக்காக மறைக்க விரும்பினால் திறந்து பார்க்கக்கூடிய மரச்சட்டம் வையுங்கள். ஓடு பதிப்பதற்கு முன் ஒவ்வொரு குளியலறைத் தளத்திலும் வடிகாலை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்த்தளத்திலிருந்து உத்திரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் அவசரப்படுவார்; அதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

இந்த ஊரின் இரண்டு பருவங்களும் குளியலறைக் கணக்கை வேறொரு வகையிலும் மாற்றுகின்றன. ஐயப்ப பக்தர்கள் குழுவாக வருகிறார்கள். அதிகாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். தனியறையைவிட அனைவரும் சேர்ந்து படுக்கும் கூடத்தையும் இருமுடி வைக்கத் தூய்மையான இடத்தையுமே கேட்கிறார்கள். புறவாசலில் கிணற்றடியை ஒட்டி நல்ல தளமும் சரிவும் கொண்ட பொதுக் குளியல் மண்டபம் ஒன்றைக் கட்டி, கீழ்த்தளத்துக் கிட்டங்கியைக் கூடமாக்கினால், ஆறு குளியலறைகளைக் கட்டடத்துக்குள் கொண்டுவரும் தேவை நீங்கிவிடும். சாரல் காலத்தில் வருவோர் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, நனைந்த துணியோடு திரும்புகிறார்கள். அந்தத் துணியை உலர்த்தக் காற்றோட்டமான, கூரையிட்ட கொடியடி ஒன்றை நீங்கள் அமைக்காவிட்டால், அது தேக்குக் கைப்பிடியிலும் கட்டில் தலைமாட்டிலும் சன்னல் கம்பியிலும் தொங்கும். சாரல் முடிவதற்குள் அறையின் மரச்சாமான் அத்தனையும் பூஞ்சை பூத்துவிடும். அதே கொடியடியில் கால் கழுவ ஒரு குழாயும், எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்து நிறுத்தும் வடிதொட்டியும் இருக்கட்டும்.

தண்ணீர்த் தேவையை ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் என்று இந்தியத் தரநிலை விடுதிகளுக்குக் கொள்கிறது. 24 பேருக்கு 4,320 லிட்டர். ஐயாயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 5 டன். அதைப் பழைய மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், ஏற்றுவது எண்ணிப்பார்க்கக்கூடாத செயல். புறவாசலில் தனிக் கோபுரம் கட்டுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியை அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டினால், அடித்தள மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு தூரமாவது பழைய சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் விலகியிருக்க வேண்டும். கடைவீதி மனைகளில், அதுவும் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்தால், இந்தத் தூரம் பெரும்பாலும் கிடைக்காது. அப்போது நீர் கசியாத சேகரிப்புத் தொட்டி கட்டி லாரியில் அகற்றுவதையோ சிறிய சுத்திகரிப்பு அமைப்பையோ தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுக்கும் அதுவே அடிப்படை.

சுவரும் சுண்ணாம்பும்

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தால், உடனே சிமென்டால் பூசச் சொல்வார்கள். பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி, வெளியே ஆவியாக விட்டு வாழ்பவை. சிமென்ட் பூச்சு அந்த வெளிவழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு, கடினமான சிமென்டை விட்டுவிட்டு அதன் பின்னாலுள்ள மென்மையான செங்கலை அரிக்கும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும்போது செங்கலின் முகமும் அதோடு வந்துவிடும். ஏற்கெனவே சிமென்ட் பூசப்பட்டிருந்தால் பொறுமையாக உளியால் எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிடுங்கள்.

அதோடு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தார் போட்டுப் போட்டு நம் தெருக்கள் உயர்ந்துவிட்டன. முன்பு மூன்று படி ஏறிச் சென்ற திண்ணை இன்று தெருவோடு சமமாகக் கிடக்கிறது. மழைநீர் சுவரின் அடியில் நிற்கிறது. முன்பக்கம் நகராட்சி வடிகாலோடு இணைப்பும், உங்கள் மனைக்குள் சுவரை ஒட்டிச் சரளைக்கல் நிரப்பிய வடிதாரையும் அமைத்தாலே பாதி ஓதம் இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் பூச்சு.

சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, நீரடியில் சில வாரங்களாவது ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரில் காரையை அரைப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல் என்ற அளவில், மெல்லிய படலங்களாக, ஒரு படலம் இறுகிய பின் அடுத்ததாகப் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் கல்லாகிறது; அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். நனைத்த சாக்குத் தொங்கவிட்டு வெயிலிலிருந்து காக்க வேண்டும். முடிவில் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மேலே செய்த வேலையெல்லாம் அடைபட்டுப்போகும். வெள்ளை ஆண்டுதோறும் அடிக்க வேண்டியதுதானே என்று தயங்குவோர், வாளிக் கணக்கில் பெயின்ட் விலையை விசாரித்துப் பார்க்கலாம்.

கூரை

ஓடுகளை இறக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, மணியோசை தருபவற்றைத் தனியே அடுக்குங்கள். காற்று அதிகம் அடிக்கும் மேற்குச் சரிவிலும் கூரையின் ஓரங்களிலும் ஓடுகளைச் செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டுவது நல்லது. பழுதான உத்திர நுனியை முழு உத்திரத்தோடு தூக்கி எறிய வேண்டியதில்லை. கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, அதே மரத்தில் புதிய துண்டை நாக்குமூட்டு வைத்து ஆசாரியால் இணைக்க முடியும். சுவருக்குள் நுழையும் இடத்தில் மரத்தைச் சுற்றிக் காற்று புகும் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

தீ, படிக்கட்டு, மின்சாரம்

பழைய மரப்படிக்கட்டு இரண்டரை அடி அகலத்தில் செங்குத்தாக ஏறும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை விடுதிகளுக்கு 1.5 மீட்டர் அகலப் படிக்கட்டு கேட்கிறது. பழையதைப் பிரித்து எறியாமல் அன்றாட நடைக்கு வைத்துக்கொண்டு, புறவாசல் பக்கம் குளியலறைத் தொகுதியோடு சேர்த்து அந்த அகலத்தில் இரும்புப் படிக்கட்டு அமைத்தால் இரண்டாவது வெளிவழியும் கிடைத்துவிடும். எந்த அறையிலிருந்தும் இரண்டு திசைகளில் வெளியேற முடிய வேண்டும். முற்றம் புகையை மேலே விடும். கண்ணாடிக் கூரையிட்டு அதை மூடிக் குளிர்சாதனம் போட நினைப்பவர் கட்டடத்தின் மூக்கை அடைக்கிறார். அடுக்களை மரக்கூரைக்கு அடியில் இருக்கக் கூடாது. எரிவாயு உருளைகள் வெளியே, பூட்டிய கூண்டில் இருக்கட்டும்.

மட்டப்பாவில் கீற்றுக்கொட்டகை போட்டு உணவகம் நடத்தும் யோசனை அடிக்கடி வருகிறது. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதற்குக் கீற்றுக் கூரையும் ஒடுங்கிய வெளிவழியும் பெருங்காரணங்கள். ஆட்கள் கூடும் எந்தக் கட்டடத்திலும் கீற்று வேண்டாம்.

மின்கம்பிகளை முழுவதும் புதிதாக இழுக்க வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. சுவரை வெட்டாமல், பரப்பின்மேல் உலோகக் குழாயில் கொண்டுசெல்லலாம். ஒவ்வோர் அறைக்கும் தனிச் சுற்றும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவியும் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் வடிநீர்க் குழாயைச் சுவரில் சொட்டவிடாமல் வடிகால் வரை கொண்டுபோங்கள். தடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் உள்ள மேல்தளத்தில் சாரல் மாதங்களில் மின்விசிறியே போதும்.

வேலைக்கான காலம்

தை பிறந்ததும் தொடங்கி வைகாசி நடுவில் கூரை மூடப்பட்டிருக்க வேண்டும். தையிலும் மாசியிலும் சுண்ணாம்புப் பூச்சு. அப்போதுதான் வெயில் மிதமாக இருக்கும். மாசி, பங்குனியில் கூரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து மூடுங்கள். ஒரே நேரத்தில் முழுவதையும் திறக்காதீர்கள். ஒரு கோடையில் முடியாது என்று தெரிந்தால், தண்ணீரோடும் கூரையோடும் தொடர்புள்ளதை முதல் கோடையிலும், உள் அலங்காரத்தை மறு கோடையிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பின்புதான் தெரியவரும் சேதங்களுக்காக மொத்த மதிப்பீட்டில் நான்கில் ஒரு பங்கைக் கையிருப்பாகத் தனியே ஒதுக்கச் சொல்வேன். மரவேலை மிகுந்த கட்டடத்தில் அதுவும் தாராளம் என்று சொல்ல முடியாது.

உரிமங்களும் வரியும்

தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, நகராட்சியின் தொழில் உரிமம், உணவு வழங்குவதாயிருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம், வணிகப் பிரிவு மின் இணைப்பு, கட்டட உறுதிச் சான்று ஆகியவை திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியே குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கட்டுமானப் பொருள்களுக்கும் வேலைக்கும் நீங்கள் கட்டும் வரி திரும்பி வராது என்பதால், மதிப்பீட்டை வரியோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

விடுதியை முதன்முதலாகத் திறக்கச் சாரல் உச்சத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆவணியில், கூட்டம் குறைந்தபின், கீழ்த்தளத்து அறைகளை மட்டும் திறந்து குழாய்களையும் வடிகால்களையும் ஆட்களோடு சோதித்துப் பாருங்கள். கார்த்திகையில் பக்தர் குழுக்களுக்குக் கூடத்தையும் குளியல் மண்டபத்தையும் திறக்கலாம். மாடி அறைகள் அடுத்த சாரலுக்கு வரட்டும். ஒவ்வொரு சித்திரையிலும் ஓடு திருப்பிப் போடுவது, ஓட்டுக்கடைத் தகரத் தாரையிலுள்ள சருகை வாருவது, குளியலறைகளுக்கு அடியிலுள்ள உத்திர நுனிகளைத் தொட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது ஆகிய மூன்றையும் ஒரே ஆளின் பொறுப்பில், அவர் பெயரோடு எழுதிவையுங்கள். ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் ஆண்டு ஒப்பந்தமாகவே கூலி பேசிவிட்டால், வைகாசி மாதத்தில் ஊரே அவர்களைத் தேடும்போது உங்கள் கூரை காத்திருக்க வேண்டியிராது.